மறு: இணையப் படங்களை அளவு மாற்றித் தரும் வழங்கிக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

இணையப் படங்களைக் கேட்கும் அளவுக்கு மாற்றித் தரும் வழங்கியை, அதாவது சேர்வரை, தமிழில் என்னவென்று அழைப்பது என்ற கேள்விக்கு மூன்று நாளாக வந்த மடல்கள் அத்தனையையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். படச்சுருக்கி, படவளவாக்கி, பட உகப்பாக்க (ஒப்டிமைசேஷன்) வழங்கி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. இமேஜ் சேர்வர் என்றே விட்டுவிடலாம் என்பது நாலாவது கருத்து. எனக்கு நாலிலும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, அந்த வழங்கி எங்கள் அலுவலகத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தையில் இருந்து நாங்கள் நடத்துவது ஒரு சிறிய செய்தித்தளம். ஆடிவேல் நாட்களில் எங்கள் படப்பிடிப்பாளர் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான படங்களைக் கொண்டுவந்து கொட்டுவார். ஒவ்வொன்றும் 6000க்கு 4000 புள்ளி (பிக்சல்). பெருக்கிப் பார்த்தால் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். 1080 புள்ளி அகலமுள்ள கைத்தொலைபேசித் திரைக்கு 1080க்கு 720 போதும். அது மூலத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மூலத்தை அப்படியே அனுப்பினால், வாசகர் காசு கொடுத்துப் போட்ட டேட்டாவை நாங்கள் வீணாக்குகிறோம். தோட்டத்தில் இருந்து வாசிக்கும் பிள்ளைக்குப் பக்கம் திறக்கவே திறக்காது.

முன்பெல்லாம் படத்தை ஏற்றும்போதே மூன்று அளவில் வெட்டி வைத்துவிடுவோம். பக்க வடிவமைப்பு மாறியதும் அந்த மூன்று அளவும் பொருந்தாமல் போனது. பழைய படங்களை எல்லாம் மறுபடி வெட்டிய அந்த வாரத்தில்தான், கேட்கும்போது வெட்டித் தரும் வழங்கி ஒன்றை நாமே நிறுவலாம் என்று முடிவெடுத்தோம்.

கடைசியில் இரண்டு மென்பொருட்கள் மிஞ்சின. ஒன்று தம்போர்: பிரேசிலின் குளோபோ நிறுவனத்தில் பிறந்தது, பைதானில் எழுதியது, விக்கிமீடியாவின் சிறுபடங்களும் அதன் வழியாகத்தான் வருகின்றன. மற்றது இம்ஜிபுரொக்சி: கோ மொழியில் எழுதியது, உள்ளே லிப்விப்ஸ் என்ற நிரலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை) வைத்துக்கொண்டு வேலை செய்வது. இந்த லிப்விப்ஸ் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1990 வாக்கில், ஓவியங்களை மிகப் பெரிய அளவில் படமாக்கும் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. அந்தக் காலக் கணினியின் நினைவகத்துக்குள் அவ்வளவு பெரிய படம் அடங்காது. அதனால் படத்தைத் துண்டு துண்டாக, தேவைப்படும் இடத்தை மட்டும் எடுத்துக் கணக்கிடும்படி அமைத்தார்கள். எங்கள் 6000க்கு 4000 படத்தை முழுதாக விரித்தால், புள்ளிக்கு 3 பைட் வீதம் 7 கோடியே 20 இலட்சம் பைட் பிடிக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் சின்ன வழங்கி படுத்துவிடும். லிப்விப்ஸ் ஜேபெக் படத்தை வாசிக்கும்போதே இரண்டில், நாலில், எட்டில் ஒரு பங்காகக் குறைத்து வாசிக்கக்கூடியது. இதற்காகவே இம்ஜிபுரொக்சியைத் தேர்ந்தோம்.

தம்போரை விட்டதில் சிறிது வருத்தம் உண்டு. ஆக்கிய படத்தைத் தானே சேமித்து வைக்க அதற்குத் தெரியும். நாங்கள் எடுத்துக்கொண்டதற்கு அது இல்லை. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இணைய வழங்கி மென்பொருளை நிறுத்தி அதில் சேமிக்கிறோம். அங்கே ஒரு கவனம் வேண்டும். உலாவி எந்தக் கோப்பு வடிவங்களை ஏற்கும் என்பதையும் சேர்த்துச் சேமிக்காவிட்டால், ஏவிஃப் என்ற புதிய பட வடிவம் தெரியாத பழைய உலாவிக்கும் ஏவிஃப் படமே போய்ச் சேரும்.

என்ன அளவில் படம் வேண்டும் என்பதையும் சொல்லும் இணைய முகவரிக்குக் கையொப்பம் வைப்பதைப் பற்றிச் சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். கட்டாயம் வையுங்கள். சோதனை நாட்களில் நாங்கள் வைக்காமல் திறந்துவிட்டோம். எங்கிருந்தோ வந்த ஒரு நிரல் ஒரே படத்தை 1 புள்ளி அகலத்தில், 2 புள்ளி அகலத்தில், 3 புள்ளி அகலத்தில் என்று கேட்டுக்கொண்டே போனது. ஒவ்வொரு கேள்விக்கும் வழங்கி புதிதாக ஒரு படத்தை ஆக்கியது. விடியும்போது தளமே நின்றிருந்தது. இப்போது நம்மிடம் உள்ள இரகசியச் சாவியால் கையொப்பமிட்ட முகவரியைத் தவிர வேறொன்றுக்கும் அது அசையாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> படச்சுருக்கி என்றாலே போதும், எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், உண்மைதான். ஆனால் நான் மேலே சொன்ன வேலையில் சுருக்குவது ஒரு பகுதி மட்டும். அந்த வழங்கி ஒவ்வொரு கேள்விக்கும், கேட்டவரின் உலாவி வெப்பி என்ற பட வடிவத்தை ஏற்குமா, ஏவிஃபை ஏற்குமா, திரை எவ்வளவு, எங்கே வெட்டுவது, தரத்தை எவ்வளவு குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரு படத்தை ஆக்குகிறது. சில வேளை அகலம் மாறாமல் வடிவம் மட்டும் மாறும். அப்போது சுருக்கி என்பதும் அளவாக்கி என்பதும் பொருந்தாது.

> உகப்பாக்கம் ஏற்கெனவே நிலைத்த சொல். அதை விட்டு ஏன் விலக வேண்டும்?

மட்டக்களப்பு அண்ணா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சொல் நிலைத்தது கணிதத்தில். அங்கே ஒரு சார்பின் உச்சத்தையோ தாழ்வையோ கணக்கிட்டுக் கண்டுபிடிப்பார்கள். படத்தின் தரத்தை 80 என்று வைப்பதா 70 என்று வைப்பதா என்பதை நாங்கள் திரையில் பார்த்துத்தான் முடிவுசெய்தோம். 70இல் விபூதி பூசிய நெற்றியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, 80இல் தெரியவில்லை. இது பாகு காய்ச்சுகிற அம்மா விரலால் தொட்டு அறிகிற விஷயம். அதற்குத் தமிழில் பதம் என்று பெயர்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் படப்பதமாக்கி. முதல் தடவை முழுச்சொல்லாக எழுதிவிட்டு, அப்புறம் பதமாக்கி என்றே எழுதலாம். மின்விசிறியை வீட்டில் விசிறி என்பது போலத்தான். வினையும் இதிலிருந்தே வந்துவிடுகிறது: பதமாக்கு, பதமாக்கிய படம், பதமாக்கல். "கேட்டபோதே பதமாக்கித் தரும்" என்று நான் எழுதும் வழிகாட்டியில் எழுதிப் பார்த்தேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வரக்கூடிய மறுப்புகள் இரண்டு எனக்கே தெரிகின்றன. பதம் என்றால் சொல் என்றும் பொருள். பகுபதம், பகாபதம் படித்தவர்களுக்குப் பதமாக்கி என்பது சொல்லாக்குபவர் போலக் கேட்கும். படம் என்று முன்னால் வந்தால் அந்தக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன். மற்றது, மீனையும் பழத்தையும் பதப்படுத்துவது. அது நெடுநாள் கெடாமல் வைப்பதற்கு. இங்கே மூலப்படம் தொடாமல் கிடக்கிறது, ஆக்குவது அந்த நேரத்துத் தேவைக்கு. பதப்படுத்தி என்று சொல்லாமல் பதமாக்கி என்று சொல்வது இந்த வேறுபாட்டுக்காகவே.

இமேஜ் சேர்வர் என்றே விடலாம் என்பவர்களுக்கு ஒன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றையும் அறுவையையும் தமிழில் கற்பித்தார். சத்திரசிகிச்சைக்குச் சொல் தேடிய நாட்டில் இருந்துகொண்டு, ஒரு வழங்கிக்குச் சொல் தேட நாம் சோம்பக் கூடாது.

இன்னொரு சொல் எனக்கு அகப்படவே இல்லை. அதில்தான் உங்கள் உதவி வேண்டும். நெடுக்காக எடுத்த தேர்ப் படத்தைச் சதுரமாக்கச் சொன்னபோது, வழங்கி நடுவை எடுத்துக்கொண்டு கலசத்தை வெட்டிவிட்டது. முகம் தேடும் வசதி தம்போரில் உண்டு, ஆனால் அது வடம் பிடிப்பவர்களின் முகத்தைத்தான் பிடிக்கும், தேரின் உச்சியை அல்ல. இப்போது எந்த இடம் தப்பாமல் இருக்க வேண்டும் என்று படத்தின்மேல் ஒரு புள்ளியை நாங்களே குறித்துக் கொடுக்கிறோம். அந்தப் புள்ளிக்கு என்ன பெயர்? குவியம் என்று எழுதினேன், ஒளியியல் வகுப்பு ஞாபகம் வருகிறது என்று அலுவலகத்துத் தங்கை சொன்னாள். நோக்குப்புள்ளி என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வழிகாட்டியின் அந்தப் பகுதியைத் திருத்தத் தொடங்குகிறேன், அதற்கு முன் எழுதுங்கள்.