சூரியனுக்குப் பின்னால் ஒரு கோள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரவுப்பறவை:
சூரியனைக் கண்காணிக்கும் சோகோ விண்கலத்தின் படங்களைத் தினமும் பார்ப்பேன். அதே நீல நிறப் படம்தான், நடுவில் வட்டத் தகடு சூரியனை மறைத்திருக்கும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்தால், ஓரத்தில் வெள்ளையாக ஓர் உருண்டை. இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி நேர்கோடு. முந்தைய நாள் படத்தில் அது இல்லை. கை நடுங்க மனைவியை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "ரெண்டு கோடும் அளவெடுத்த மாதிரி நேரா இருக்கேங்க, கேமராவுல ஏதோ கோளாறு" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. அது வெள்ளிக் கோள். ஒளி அதிகமானதால் கேமராவின் உணரியில் மின்னூட்டம் வழிந்து கோடாகிவிட்டது. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பயமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கிரகணப்பித்து:
எனக்குப் பத்து வயதில் அண்ணன் சொன்ன கதை இது. நம் பாதையிலேயே, நமக்கு நேர் எதிரே, இன்னொரு பூமி. சூரியன் மறைப்பதால் தெரியாது. சரி, முழு கிரகணத்தில் தெரிந்துதானே ஆக வேண்டும்? 2024 ஏப்ரல் 8 அன்று அண்ணனோடுதான் பார்த்தேன். இருள் கவிந்ததும் எல்லோரும் சூரியனைச் சுற்றிய ஒளிவட்டத்தைப் பார்க்க, நான் பக்கத்தில் தேடினேன். பளிச்சென்று ஒரு புள்ளி! "அண்ணா, அங்க பாரு" என்று அவன் கையை இறுக்கினேன். "வெள்ளிடா" என்றான். நீ சொன்ன அந்தக் கோள் என்றேன். "நான் எப்படா சொன்னேன்?" உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை. கிடைத்த நான்கு நிமிடத்தில் பாதி அதிலேயே போய்விட்டது.

கணக்குப்பிள்ளை:
கிரகணப்பித்து, நீங்கள் தேடிய இடமே தவறு. அன்று வெள்ளி சூரியனிலிருந்து சுமார் 15 பாகை தள்ளி இருந்தது. பூமியின் பாதை நீள்வட்டம், வேகம் ஒரே சீராக இருக்காது. அதனால் அதே பாதையில் அரை ஆண்டு பிந்தி வரும் கோள் சூரியனின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்க முடியாது, ஆண்டுக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கும். அதுவும் இரண்டு பாகைக்குள்தான். இரவுப்பறவை பார்க்கும் படங்களிலேயே சிக்கியிருக்கும். சூரியனுக்கு அப்பால் நமக்கு நேர் எதிரே உள்ள இடத்தை எல்3 புள்ளி என்பார்கள், அது நிலையற்றது. வெள்ளியின் ஈர்ப்பு கொஞ்சம் தள்ளினாலும் கோள் பழைய இடத்துக்குத் திரும்பாது. தவிர, சூரியனைப் படமெடுக்க 2006இல் ஏவிய இரண்டு ஸ்டீரியோ விண்கலங்களும் 2011 பிப்ரவரியில் சூரியனின் இரு பக்கங்களிலும் எதிரெதிராக நின்றன. பின்பக்கம் முழுக்க அவற்றின் கண்ணில் பட்டது. அங்கே ஒன்றும் இல்லை.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். சூரியனுக்குப் பக்கத்தில் எதையும் பைனாகுலரில் தேடாதீர்கள். புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே படலம் எதுவும் காப்பாற்றாது. முழு மறைப்பு முடிவதற்குள் வடிகட்டிக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். விழித்திரை சுடும்போது வலிக்காது, அதுதான் ஆபத்து.

என் அனுபவம் சிறியது. 2012 டிசம்பர், பூமியில் மோதப்போகும் நிபிரு என்ற கோள் சூரியனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்ற வதந்தி. தங்கை மகள் செருப்பைப் போட்டுக்கொண்டே படுத்திருந்தாள். உடனே ஓட வேண்டுமாம். இந்த மாதிரி வதந்திகளை ரசிக்க என்னால் முடியாது.

வடமீன்:
கணக்குப்பிள்ளை, கணக்கு சரி. ஆனால் எதிர்ப்பூமியை நிபிரு வதந்தியோடு சேர்க்காதீர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தத்துவ அறிஞர் ஃபிலோலாஸ் அதைச் சொல்லிவிட்டார். அவர் கணக்கில் அது சூரியனுக்குப் பின்னால்கூட இல்லை. நடுவில் ஒரு நெருப்பு, பூமியும் சூரியனும் எதிர்ப்பூமியும் அதைச் சுற்றும். யாரையும் பயமுறுத்த அவர் அதைச் சொல்லவில்லை.

நான் ஆசிரியை. ஒரு முறை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "அங்க இருக்கிறவங்களும் நம்மளப் பத்தி இப்படித்தான் கேப்பாங்களா மிஸ்?" என்றாள். பாடம் முடிக்கும் அவசரம் எனக்கு. "அப்படி ஒரு கோள் கிடையாது, உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள். நோட்டில் சூரியனுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டு வட்டம் வரைந்து வைத்திருந்தாள். ஒன்றை மட்டும் ரப்பரால் மெதுவாக அழித்தாள்.