அலாரம் நின்ன லைன் ஒண்ணு, தப்பு இருந்த இடம் வேற: உங்க மிஷின்ல எப்படி?

பேட்டை விஎம்சி:
எங்க விஎம்சில (ப்ரோகிராம்ல ஓடுற செங்குத்து மில்லிங் மிஷின்) ஃபானுக் கண்ட்ரோல், 12 மிமீ எண்ட் மில் கட்டர், பாக்கெட் (குழி) ஃபினிஷிங். 041 அலாரம், அதாவது கட்டர் வெட்டக் கூடாத இடத்துல இடிக்கும்ங்கிற எச்சரிக்கை. ஸ்கிரீன்ல என்210ங்கிற லைன்ல நிக்குது. அந்த லைன எத்தனை தடவை படிச்சாலும் எழுத்துப் பிழை கூட கிடையாது, ஜி01 (நேர்கோட்டு வெட்டு) எக்ஸ் ஒய் மட்டும்தான். ஜி41 (கட்டர் ரேடியஸ் அளவுக்கு பாதையைத் தள்ளுற கட்டளை) போட்டா கண்ட்ரோல் அடுத்த பிளாக்கையும் (லைனையும்) முன்னாடியே படிச்சிரும், இடிக்கும்னு தெரிஞ்சதும் நிறுத்திரும். சிக்கல் அடுத்து வந்த ஆர்8 (8 மிமீ ரேடியஸ்) மூலையில. ஆஃப்செட் பேஜத் திறந்து பாத்தா டி12ல (கட்டர் அளவு ஏத்துற இடம்) 12.000 கிடக்கு. அந்த மிஷின் அதை ரேடியஸா எடுக்கும். 12 ரேடியஸ் கட்டர் 8 ரேடியஸ் மூலைக்குள்ள எப்படி நுழையும்? 6.000 ஆக்கினதும் ஒரே ஓட்டமா முடிஞ்சுது. பக்கத்து மிஷின்ல டயா போடுற மாதிரி பாராமீட்டர் வச்சிருந்தாங்க, அந்த ஷீட்டைப் பாத்து அப்படியே ஏத்தினதுதான் வினை.

ஒரே ஒரு லைன் வெட்டினா தெரிஞ்சிரும்னு யாரும் 041ஐ சிங்கிள் பிளாக்ல (லைன் லைனா நிறுத்தி ஓட்டுறதுல) தேடாதீங்க. முந்தின பிளாக் முழுசா ஓடின பிறகுதான் நிக்கும், அதுக்குள்ள மூலையில ஓவர்கட் விழுந்திரும்.

கங்கைகொண்டான் செட்டர்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா டி மதிப்பை மாத்துறதுக்கு முன்னாடி கேம்ல (ப்ரோகிராம் தயாரிக்கிற சாஃப்ட்வேர்) எப்படி எடுத்திருக்குன்னு பாக்கணும். 'வேர்' (தேய்மானம்) முறையில எடுத்த ப்ரோகிராம்ல கட்டர் ரேடியஸ் ஏற்கனவே கழிச்சிருக்கும். அதுல 6.000 போட்டா இரட்டைக் கணக்கு, அப்பவும் 041 வரும். அங்க டி சுழியில இருக்கணும், சைஸ் பிடிக்க மட்டும் 0.02, 0.03ன்னு ஏத்தி இறக்கலாம். கண்டுபிடிக்க சுலபமான வழி: ட்ராயிங்ல பாக்கெட் அகலம் 60, மையம் சுழின்னு வைங்க. ப்ரோகிராம்ல எக்ஸ்30. வந்தா அது ஓரம், ரேடியஸ் போடணும். எக்ஸ்24. வந்தா அது கட்டர் மையம், போடக்கூடாது.

வள்ளியூர் மரக்கதவு:
எங்க ரவுட்டர்ல (மரம் செதுக்குற மிஷின்) அலாரமே வரல, அதுதான் உறுத்துது. தேக்குக் கதவுல பூ டிசைன், கண்ட்ரோல் மாக்3 சாஃப்ட்வேர். ஃபைலை ஏத்தினதும் டிஸ்ப்ளேல பூவைச் சுத்தி கதவை விடப் பெரிய வட்டமா நாலஞ்சு கெடந்துச்சு. கவனிக்காம சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கியாச்சு. பிட் பார்டரத் தாண்டி வளைஞ்சு போனதும் எமர்ஜென்சி. மேல ஒரு வில் மாதிரி கோடு விழுந்திருச்சு, 3 மிமீ ஆழம். ஐஜே (வட்ட மையத்தைச் சொல்ற எழுத்துகள்) மோடு 'அப்சல்யூட்'ல இருந்துச்சு, ஃபைல் 'இன்கிரிமெண்டல்'. கன்ஃபிக்ல மாத்தி ரீஜெனரேட் கொடுத்ததும் வட்டமெல்லாம் மறைஞ்சுது.

பேட்டை விஎம்சி:
அதே தப்பு ஃபானுக்ல 020 அலாரமா வரும். எக்ஸ்40. ஒய்0ல இருந்து எக்ஸ்25. ஒய்15.க்கு ஜி03 (இடஞ்சுழி வில்), மையம் எக்ஸ்25. ஒய்0. ஐ எழுத வேண்டியது ஐ-15., ஏன்னா ஆர்க் தொடங்குற இடத்துல இருந்து மையத்துக்கு உள்ள தூரம்தான் ஐ. போஸ்ட் (கேம் பாதையை மிஷின் ப்ரோகிராமா மாத்துற பகுதி) ஐ25.ன்னு மையத்தையே எழுதிருச்சுன்னா தொடக்கத்துல ரேடியஸ் 25, முடிவுல 42.7. கண்ட்ரோல் ஒத்துக்காது. வித்தியாசம் துளியா இருந்தா மட்டும் 3410 பாராமீட்டர் (ரேடியஸ் வித்தியாசத்துக்கு அனுமதி அளவு) பக்கம் போங்க. இந்த மாதிரி கேஸ்ல அத ஏத்தினா தப்பை மூடி வைக்கிறதுதான்.

தச்சநல்லூர் ஆபரேட்டர்:
இதுக்கு ஏன் இவ்வளவு? ஐ ஜே எடுத்திட்டு ஆர் போட்டா முடிஞ்சுது.

கங்கைகொண்டான் செட்டர்:
முடியாது தம்பி. முழு வட்டத்துக்கு ஆர் வேலை செய்யாது, தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளி, மிஷின் நகராது. 180 டிகிரிக்கு மேல மைனஸ் ஆர் போடணும், மறந்தா குட்டை வழியா வெட்டிரும். 180 டிகிரியை ஒட்டி வந்தா மூணாவது தசம இலக்கத் தப்புக்கே மையம் தள்ளிப் போயிரும். போஸ்டைத் திருத்துறதுதான் வழி.

தச்சநல்லூர் ஆபரேட்டர்:
சரி, ஆர் விசயத்தை வாபஸ் வாங்குதேன். ஆனா புள்ளி விட்ட கேஸை யாரும் சொல்லலையே. கையில எடிட் பண்ணின ப்ரோகிராம், ஜி00 (ராப்பிட், அதாவது வேக நகர்வு) இசட்50, கடைசியில புள்ளி இல்ல. அந்த கண்ட்ரோல் அதை 0.050 மிமீயா எடுத்துச்சு. டூல் மேல ஏறல, அடுத்த எக்ஸ் ராப்பிட்ல கிளாம்ப் போல்ட் தலையில மோதி, கார்பைட் ரெண்டா போச்சு. எந்த அலாரமும் இல்ல. 3401 பாராமீட்டர்ல பிட் 0ஐ 1 ஆக்கினா 50ஐ 50 மிமீயாவே எடுக்கும், ஆனா பழைய ப்ரோகிராம் எல்லாம் புள்ளி இல்லாத மைக்ரான் கணக்குல இருந்தா அதுதான் இன்னும் ஆபத்து, முதல்ல அதையெல்லாம் பாத்துக்கோங்க.

இப்ப எடிட் பண்ணின எதையும் முதல் தடவை ஓட்டும்போது எக்ஸ்டர்னல் ஆஃப்செட் இசட்ல 100.0 ஏத்தி (எல்லாமே 100 மிமீ மேல ஓடும்), சிங்கிள் பிளாக், ராப்பிட் 25 சதவீதம். டிஸ்டன்ஸ் டு கோ பேஜத் திறந்து வச்சிக்கணும். இசட் 50 போக வேண்டிய இடத்துல மிச்ச தூரம் எதிர்பாத்ததை விட ரொம்பக் குறைவா இருந்தா சைக்கிள் ஸ்டார்ட்ல கை வைக்கக் கூடாது. ஓடி முடிஞ்சதும் அந்த 100.0ஐ சுழியாக்க மறந்திராதீங்க.

வள்ளியூர் மரக்கதவு:
மாக்3ல புள்ளி இல்லன்னாலும் 50 மிமீதான் அண்ணாச்சி. அதான் எங்க பயலுவ புள்ளி போடாமலே எழுதிப் பழகிட்டானுவ. அந்த ஃபைலை பேட்டைக்குக் கொடுத்து விடுறதுக்கு முன்னாடி எல்லா லைனையும் பாத்திருதோம்.