மூடில் அறிவிப்புகளை எடுக்கும் ஏஐ ஏஜென்ட்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. "இன்று எதை முடிக்க வேண்டும்?" என்று கேட்டால், மூடிலில் (ஆன்லைனில் பாடங்களை நடத்தும் தளம்) வந்த அறிவிப்புகளைப் பார்த்துப் பதில் சொல்லும் ஒரு சின்ன ஏஜென்ட் செய்துகொண்டிருக்கிறேன். அதில் இருப்பது ஒரே ஒரு டூல் (மொழி மாடல் தேவைப்படும்போது அழைக்கும் சின்ன நிரல்). டோக்கனோடு (உள்ளே நுழைய உதவும் ரகசியச் சாவி) மூடிலின் வெப் சர்வீஸை அழைக்கும், ஜேசன் என்ற தரவு வடிவில் வரும் பட்டியலை மாடலிடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் டோக்கன் காலாவதியாகிவிட்டது. ஏஜென்டோ "புதிய அறிவிப்பு எதுவும் இல்லை" என்று அடித்துச் சொன்னது! பிழைச் செய்தியும் எச்டிடிபி 200 நிலையோடுதான் (அதாவது "வெற்றி" என்ற குறியோடு) வருகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. இப்போது ஜேசனுக்குள் பிழை இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். நேரம் யூனிக்ஸ் விநாடிகளாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படுபவை) வருவதால், மாடலைக் கணக்குப் போட விடாமல் டூலிலேயே தேதியாக மாற்றிவிடுகிறேன்.

மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில். முழுச் செய்தியையும் அனுப்பினால் எச்டிஎம்எல் குப்பையே பாதி டோக்கன்களைத் தின்றுவிடுகிறது (இது மொழி மாடல் உரையைப் பிரித்து எண்ணும் துண்டு, மேலே சொன்ன சாவி வேறு). 300 எழுத்துகளோடு வெட்டினால் கடைசி வரியில் இருக்கும் கெடு தேதி போய்விடுகிறது. தலைப்புகளை மட்டும் முதலில் கொடுத்து, முழுச் செய்தியை எடுக்க இரண்டாவது டூல் வைக்கலாமா? அப்படிச் செய்தவர்கள் இருந்தால், மாடல் அதைச் சரியான நேரத்தில் அழைக்கிறதா?

அப்புறம் இன்னொன்று. மன்றத்தில் யாரோ எழுதியதும் அறிவிப்பாக உள்ளே வருகிறது. அதில் ஏஜென்டுக்கு ஒரு கட்டளையை ஒளித்துவைத்தால்? இப்போதைக்கு டூலுக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே கொடுத்திருக்கிறேன், "வாசித்தாயிற்று" என்று குறிக்கக்கூட விடவில்லை. அது போதுமா?