வடசென்னை கேரம் கிளப்பில் உங்களுக்கு நடந்தது என்ன?

கொருக்குப்பேட்டைக்காரன்:
எங்கள் மன்றத்து கேரம் ரூம் எந்தச் சந்தில் இருக்கிறது என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், அதை விடுங்கள். பொங்கல் டோர்னமெண்ட் ஃபைனல், எட்டாவது போர்டு, அதாவது கடைசிச் சுற்று. நான் 21, எதிரே உட்கார்ந்தவர் 22. அவருக்கு ஒரு வெள்ளை பாக்கி, எனக்கு இரண்டு கறுப்பு. ரெட் என் வலதுகைப் பக்கம் பாக்கெட் வாயில் பாதி தொங்கிக்கொண்டு நிற்கிறது. அடி என்னுடையது. யாருக்கு ரெட்டோ அவருக்குக் கப் என்று கூட்டம் கத்துகிறது. ஸ்ட்ரைக்கரை வைத்தேன், கரண்ட் போய்விட்டது.

யாரோ செல்போன் டார்ச் அடிப்பதற்குள் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். வெளிச்சம் வந்தபோது ரெட் போர்டில் இல்லை, வலைக்குள் கிடக்கிறது. ஸ்ட்ரைக்கர் மட்டும் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. செயலாளர் அண்ணன் பேசாமல் ரெட்டை எடுத்து நடு வட்டத்தில் வைத்து "ஆடுங்கப்பா" என்றார். எனக்குக் கை உதறல், விழவில்லை. எதிரே இருந்தவர் அடுத்த கையில் ரெட், அதற்கு ஃபாலோவாகக் கடைசி வெள்ளை, முடித்துவிட்டார். போர்டைச் சுற்றி அத்தனை பேர் நின்றோம், ஒருத்தர் கண்ணுக்கும் படவில்லையாம்.

தங்கசாலை வாத்தியார்:
தம்பி, முதலில் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். 22ஐத் தொட்டவருக்கு ரெட்டுக்கான 3 பாயிண்ட் கிடையாது. அவர் முடித்தால் உங்கள் இரண்டு கறுப்புக்கு 2, மொத்தம் 24, அவ்வளவுதான். நீங்கள் முடித்திருந்தால் ரெட்டுக்கு 3, அவருடைய வெள்ளைக்கு 1, சரியாக 25. பாக்கெட் வாயில் நின்ற ரெட் உங்களுக்கு லட்டு. அதை நடுவுக்குக் கொண்டுபோனதில் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அனுபவம் சின்னது. 2008இல் வியாசர்பாடி இளவழகி பிரான்ஸில் உலகப் பட்டம் ஜெயித்த செய்தி பேப்பரில் வந்த அன்று, அதுவரை எங்கள் கிளப் வாசலில் நின்று புருஷனைத் திட்டிவிட்டுப் போகும் ஒரு அம்மா உள்ளே வந்து, போர்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுலயா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

அப்புறம் இளைஞர்களுக்குச் சில வார்த்தை. மழைக்காலத்தில் போர்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், பிளைவுட் வளையும். பவுடரை மூட்டையாகக் கொட்டாதீர்கள், மெல்லிய துணியில் கட்டித் தட்டினால் போதும். சேரை நகர்த்தி ஆடிப் பழகாதீர்கள், போட்டியில் நடுவர் விட மாட்டார். 15 கிராமுக்கு மேல் ஸ்ட்ரைக்கர் செல்லாது, கடைக்காரர் சொல்வதை நம்பாமல் தராசில் போட்டுப் பாருங்கள். 1988இல் சர்வதேச கேரம் சம்மேளனம் தொடங்கியதே இந்தச் சென்னையில்தான். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். அப்படிப்பட்ட ஊரில் இன்னும் ஸ்ட்ரைக்கரைத் தள்ளிவிட்டு ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுண்ட வேண்டும், தள்ளக் கூடாது.

கல்மண்டபம்:
வாத்தியாரே, கேட்டது அனுபவம், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள்.

வியாசர்பாடி பக்கம்:
2015 டிசம்பர். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சாப்பாட்டுப் பொட்டலம் மெயின் ரோடு வரைதான் வந்தது, உள்ளே எப்படிக் கொண்டுபோவது? கிளப் பூட்டை உடைத்து போர்டை வெளியே எடுத்தோம். நாலு மூலைக்கு நாலு பேர் வேண்டும், மூன்று பேர்தான் இருந்தோம். நாலாவதாக வந்தவன், அடிதடியில் கிளப்பை விட்டு நாங்களே விலக்கி வைத்திருந்தவன். யாரும் கூப்பிடவில்லை. பாக்கெட் வலையை இழுத்துக் கிழித்துவிட்டு அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டான். எங்களுக்கும் அதுதான் சரியான பிடி என்று அப்போது புரிந்தது. போர்டு மேல் பொட்டலம், பால் பாக்கெட், ஒரு வீட்டுக்கு இன்சுலின். வீடு வீடாக ஜன்னலில் கொடுத்தோம். பெரியவர் ஒருவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "ஃபாலோ இருக்கா?" என்றார். அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அவன் மேல் இருந்த தடையை நீக்கினோம், ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினோம். வரவே இல்லை. போர்டு நடுவில் உப்பிப்போய் ஆட லாயக்கில்லாமல் கிடக்கிறது. அதைத் தூக்கிப்போடலாம் என்று மீட்டிங்கில் யார் எடுத்தாலும் சண்டைதான்.

மூலக்கொத்தளம் சேகரிப்பாளன்:
எல்லாரும் கிளப்பைக் கோயில் மாதிரி எழுதுகிறீர்கள். என் அப்பா சம்பள நாளில் நேராக அங்கேதான் போவார். போர்டுக்கு இவ்வளவு என்று பந்தயம். ஒருநாள் அம்மா என்னை அனுப்பினார். உள்ளே போனால் அப்பா என்னைப் பார்க்கவில்லை, ஸ்ட்ரைக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் என் கையில் ஐந்து ரூபாய் திணித்து, "போய் முறுக்கு வாங்கிக்கோ" என்றார். அது யார் காசு என்று இன்றுவரை தெரியாது. வெள்ளத்தில் நீங்கள் செய்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே ரூமில் இதுவும் நடந்தது.

வியாசர்பாடி பக்கம்:
எங்கள் கிளப்பில் காசு வைத்து ஆடினால் வெளியேதான். எல்லாக் கிளப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மூலக்கொத்தளம் சேகரிப்பாளன்:
எழுதி ஒட்டியிருந்தது எங்கள் பக்கமும்தான். அதற்குக் கீழேதான் ஆடினார்கள்.

புதுவண்ணை அம்மா:
சண்டை போதும். 2024இல் எங்கள் பக்கத்துக் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதும் என் மகள் பிடிவாதம் பிடித்தாள், பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். பயிற்சி கொடுக்கிறவர் பெயர், வயது எதுவும் கேட்கவில்லை. "கையைக் காட்டும்மா" என்றார். மருதாணி வைத்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆள்காட்டி விரல் நகத்தைத் தொட்டு, "இதை ஒட்ட வெட்டாதே, அடிக்கிறது இதுதான்" என்றார். அவ்வளவுதான், உட்கார வைத்துவிட்டார். சின்ன வயதில் நான் எங்கள் தெருக் கிளப் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். என் கையைக் காட்டு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. மகள் மேல் சந்தோஷமா, பொறாமையா என்று எனக்கே பிடிபடவில்லை.

கல்மண்டபம்:
கொருக்குப்பேட்டை அண்ணே, உங்கள் ரூம் தண்டவாளத்தை ஒட்டித்தானே? கூட்ஸ் போனால் டீ கிளாஸே ஆடும். பாதி தொங்குகிற ரெட் தானாக விழ அது போதாதா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
இதையே செயலாளர் அண்ணனும் சொன்னார். ஆனால் கூட்ஸ் போனால் எனக்குக் கேட்காதா? போர்டு ஆடியிருந்தால் ஸ்ட்ரைக்கரும் கொஞ்சம் நகர்ந்திருக்குமே. வாத்தியார் கணக்குதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எதிரே ஆடியவரைக் காசிமேட்டில் மீன் வாங்கும்போது பார்த்துக் கேட்டேன். "அதான் ரீப்ளேஸ் பண்ணாங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு வஞ்சிரத்துக்கு விலை பேசப் போய்விட்டார்.

புதுவண்ணை அம்மா:
அந்த ரூம் இப்போது திறக்கிறார்களா? மகளுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய ஆட்களோடு ஆடிப் பழக வேண்டும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
ஏழு மணிக்கு மேல் திறந்திருக்கும், அழைத்து வாங்க. ஸ்ட்ரைக்கர் உங்களுடையதையே கொண்டு வாங்க, அங்கே இருப்பதெல்லாம் ஓரம் சிதைந்தது. எமர்ஜென்சி லைட் வாங்கிவிட்டோம்.