அப்பாவுக்கு பார்க்கின்சன், எனக்கும் வருமா? சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

மேட்டுக்காட்டான்:
அப்பாவுக்கு 64. ஒரு வருடமாக வலது கை நடுக்கம், நடையும் குறுகிவிட்டது, போன மாதம்தான் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம் என்று சொன்னார்கள். பெரியப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இதே நடுக்கம். எனக்கு 36, இப்போதே ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று யோசித்து யோசித்துத் தூக்கமே இல்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: பாலை நிறுத்து, காபியை நிறுத்து, முள்சீத்தா இலைக் கஷாயம் கொடு.

மரபியல் மாணவி:
முதலில் அந்தப் பயம். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு அபாயம் சுமார் இரண்டு மடங்கு, உண்மைதான். ஆனால் 60 தாண்டியவர்களிலேயே நூற்றுக்கு ஒருவர் போலத்தான் இந்த நோய் இருக்கிறது, அதனால் இரட்டித்தாலும் உங்களுக்கு வராமல் போகவே வாய்ப்பு அதிகம். இந்த நோயோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் மாற்றம் உள்ளவர்களில்கூட 80 வயது வரை நோயே வராதவர்கள் நிறைய. டெஸ்டுக்கு அவசரம் வேண்டாம், அப்பாவுக்கு 50க்கு முன்பே வந்திருந்தால் அது வேறு பேச்சு.

காபியை நிறுத்தச் சொன்னது தப்பு. ஹவாயில் 8,004 ஜப்பானிய அமெரிக்க ஆண்களை முப்பது வருடம் போலக் கவனித்து 2000ல் வெளியிட்ட ஆய்வில், காபியே குடிக்காதவர்களுக்கு, நிறையக் குடித்தவர்களைவிட ஐந்து மடங்கு நோய் வந்திருந்தது. அப்புறம் 2011ல், கிரின்2ஏ மரபணுவில் ஒரு வகை உள்ளவர்களிடம் காபியின் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே டம்ளர் காபி எல்லார் உடம்பிலும் ஒரே வேலை செய்வதில்லை. காபிதான் தடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பயந்து விட வேண்டியதும் இல்லை. பால் அதிகம் குடிக்கும் ஆண்களுக்கு அபாயம் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் உண்டு, காபிக்கு விடும் பாலுக்கெல்லாம் கவலை வேண்டாம்.

முள்சீத்தா மட்டும் வேண்டவே வேண்டாம். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் அந்தப் பழமும் இலைக் கஷாயமும் அதிகம் எடுத்தவர்களிடம், பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரைக்கு அடங்காத ஒரு வகை நடுக்குவாதம் இருந்ததை 1999ல் பதிவு செய்தார்கள். அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பணுக்களைக் கொல்வதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

சரசு அக்கா:
தம்பி, அம்மாவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டில் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது நேரத்தில்தான். பருப்பு, முட்டை, தயிரோடு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் சரியாக வேலை செய்யாது, புரதம் மருந்தோடு போட்டி போடும். நாங்கள் மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இட்லி சாம்பார். மலச்சிக்கலை விடாதீர்கள், கீரையும் தண்ணீரும் முக்கியம். யாராவது பூனைக்காலி விதைப் பொடி தந்தால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதிலும் லெவோடோபா இருக்கிறது, மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும்.

மேட்டுக்காட்டான்:
ரொம்ப நன்றி. கஷாயத்தை இன்றே நிறுத்திவிட்டேன். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், அப்பா இருபது வருடம் தோட்டத்தில் கையுறைகூட இல்லாமல் களைக்கொல்லி அடித்தவர். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மரபியல் மாணவி:
அது பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதைப் பயன்படுத்திய அமெரிக்க விவசாயிகளிடம் அபாயம் சுமார் இரண்டரை மடங்கு என்று 2011ல் வந்தது, நச்சை முறிக்க உதவும் ஜிஎஸ்டிடி1 மரபணு இல்லாத ஆண்களுக்கு இன்னும் பல மடங்கு என்று 2012ல் வந்தது. இப்போது தோட்டத்தில் மருந்து அடிப்பது நீங்களா?