முஸ்லிம்னாலே கே (தன்பாலீர்ப்பு) ஆளுகளுக்கு எதிரியா?

அண்ணா நகர்ல வீடு தேடுறோம். ரூம்மேட் பாய்னு தெரிஞ்சதும் ஓனர் "அவங்கல்லாம் ரொம்ப கட்டுப்பெட்டி, உங்கள மாதிரி பயலுகளுக்கு செட் ஆகாது"ங்குறாரு. நான் கேனு தெரிஞ்சா என்னையும் வெரட்டிருவாரு, அது வேற கதை. இஸ்லாத்துல மட்டுந்தான் எதிர்ப்பா?

பதில் 1: அட போங்க. 2009ல டெல்லி ஹைகோர்ட், ஓரினச்சேர்க்கைய குத்தம்னு சொன்ன 377வது சட்டப்பிரிவ தளர்த்துனப்ப சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனதுல ஜோசியர், சர்ச் ஆளுக, முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம்னு எல்லாருந்தான் இருந்தாக, 2013ல ஜெயிச்சாக, 2018 செப்டம்பர் 6ல அந்த 2013 தீர்ப்பும் போச்சு. சட்டமே 1860ல வெள்ளைக்காரன் எழுதுனது.

பதில் 2: நான் மதுரை கோரிப்பாளையம், முஸ்லிம்தான். எங்க பக்கம் ஹராம்னுதான் (மார்க்கத்துல தடை) சொல்லுவாக, மறைக்கல. ஆனா எங்க வீட்லயே அத்தாவுக்கும் தம்பிக்கும் இதுல சண்டை. அதுக்காக எல்லாத்துக்கும் சேத்து வீடு இல்லைனா எப்படிண்ணே?

கேட்டவர்: நான் கேனு அந்த ரூம்மேட்ட்டதாண்ணே மொதல்ல சொன்னேன். "சரிடா, டீ குடிச்சியா"ன்னான்.