உபுண்டு 22.04-ல் கம்பைல் செய்த எஸ்ஓ ஃபைல் 20.04-ல் லோடு ஆகவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்கேன் செய்த பக்கங்களின் சாய்வை நிமிர்த்தும் ஒரு சி++ நிரலை ஷேர்டு லைப்ரரியாக்கி (அதுதான் எஸ்ஓ ஃபைல்), பைத்தானில் சிடைப்ஸ் (சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் மாட்யூல்) வழியாகக் கூப்பிடுகிறேன். என் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. ஃபங்ஷன் பெயர்கள் மாறாமலிருக்க எக்ஸ்டர்ன் சி போட்டாயிற்று, பாயின்டர் தரும் ஃபங்ஷன்களுக்கு ரெஸ்டைப்பும், அதாவது திரும்பி வரும் மதிப்பின் வகையும், கொடுத்திருக்கிறேன் (கொடுக்காவிட்டால் சிடைப்ஸ் அதை இன்ட் என்று எடுத்துக்கொண்டு 64 பிட் முகவரியில் பாதியை வெட்டிவிடும்).

ஆனால் அதே ஃபைலை 20.04 சர்வரில் ஏற்றினால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 இல்லை என்று நின்றுவிடுகிறது, அங்கே இருப்பது 2.31. சி++ லைப்ரரியை ஸ்டேட்டிக்காக இணைத்தும் பலனில்லை, அது ஜிலிப்சியைத் தொடுவதே இல்லையே. சர்வரை அப்கிரேடு செய்யவும் அனுமதி கிடையாது.

சரி, பழைய லினக்ஸ் உள்ள டாக்கர் இமேஜுக்குள் கம்பைல் செய்வதுதான் வழியா? மெனிலினக்ஸ் 2014 (பல லினக்ஸ்களில் ஓடும் பைத்தான் பேக்கேஜ்களைக் கட்டுவதற்கான டாக்கர் இமேஜ்) இமேஜில் சி++17 நிரலைக் கட்டியவர்கள் யாராவது இருந்தால், கொடுத்த ஃபிளாக்குகளைக் கொஞ்சம் பகிருங்கள், பெரிய உதவியாக இருக்கும்.